பிரேக் கோளாறை விட்டுவிட்டு, அதைக் காட்டுகிற லைட்டின் ஒயரை வெட்டினார்கள்: மீன் லோடு ஓட்டுகிறவர்கள் கவனத்துக்கு

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கம் பிக்கப் வைத்து மீன், நண்டு, கணவாய் லோடு அடிக்கிற அண்ணன் தம்பிகள் எல்லாரும் இதைக் கடைசி வரை படியுங்கள். ராமநாதபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் வண்டியின் பிரேக் கோளாறு என்ன என்றே பார்க்கவில்லை. மீட்டர் போர்டில் எரிந்த சிவப்பு லைட்டின் ஒயரை வெட்டிவிட்டு, “சரியாயிருச்சு” என்று பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்கள். புகார் கொடுக்கப்போகிறேன், அதனால் பெயரை இங்கே எழுதவில்லை.

மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள், வண்டி சும்மா நின்றது. ஓட ஆரம்பித்த கொஞ்ச நாளில் லைட் தொல்லை தொடங்கியது. பாம்பன் ரோட்டுப் பாலத்தின் உச்சியைத் தாண்டி மண்டபம் பக்கம் இறங்கும்போது, ரயில் பாலத்தைப் பார்க்க நடுப்பாலத்தில் நிறுத்தியிருக்கிற வேன்களுக்காகப் பிரேக் மிதித்தால் சிவப்பு லைட் எரியும். இறங்கிச் சமதளத்துக்கு வந்தால் அணைந்துவிடும். பிறகு மதுரை வரைக்கும் ஒன்றும் இருக்காது. பிரேக்கும் நன்றாகத்தான் பிடித்தது.

ஒர்க்‌ஷாப்பில் இதை அப்படியே சொன்னேன். எங்கே எரிகிறது, எப்போது அணைகிறது என்று ஒன்று விடாமல் சொன்னேன். “உப்புக்காத்துல சென்சார் போயிருக்கும்ணே, எல்லா வண்டிக்கும் வர்றதுதான்” என்று பானெட்டைத் திறந்து பிரேக் ஆயிலை ஊற்றி நிரப்பினார்கள். லைட் நின்றது. கொஞ்ச நாளில் மறுபடி அதே பாலம், அதே லைட். இந்த முறை மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற சிலிண்டர், போய்விட்டது என்றார்கள். புது சிலிண்டர், ஆயில், கூலி என்று ஆறாயிரத்துக்கு மேல் வாங்கினார்கள். பழைய சிலிண்டரைக் கேட்டதற்கு ஸ்கிராப்பில் போட்டாச்சு என்று பதில். பில் கேட்டதற்கு ஒரு வெள்ளைத் தாளில் ‘பிரேக் வேலை’ என்று எழுதித் தொகையைப் போட்டுக் கொடுத்தார்கள். லைட் மறுபடி நின்றது, மறுபடி வந்தது.

மூன்றாவது தடவைதான் அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனபோது சாவியைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் காட்டினார் மேஸ்திரி. சிவப்பு லைட் எரிந்தது. இறக்கினார், அணைந்தது. “பாருங்கண்ணே, லைட் கரெக்டா வேலை செய்யுது, இனிமே வராது.” வரவும் இல்லை.

பிறகு ஒருநாள் ராத்திரி லோடோடு உச்சிப்புளி தாண்டுகையில் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. மீட்டர் போர்டில் ஒரு லைட்டும் இல்லை. ஓரம் கட்டி, லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, மண்டபத்தில் தெரிந்த மெக்கானிக் அண்ணனை வரவழைத்தேன்.

அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து நாலு டயரின் உள்பக்கத்தையும் பார்த்தார். பின் இடது டயரின் உள்சுவர் ஈரம். அடுத்து பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பார்த்தார். பின் சக்கரத்துக்கான பாதி காலி. “இவ்வளவு இறங்கியும் லைட் எரியலையே தம்பி?” என்று டப்பாவுக்குப் போகிற ஒயரின் கப்ளரைக் கையில் பிடித்து இழுத்தார். கப்ளருக்குக் கீழே ஒயர் இரண்டும் வெட்டப்பட்டு, கறுப்பு டேப் சுற்றி, வெளியே தெரியாதபடி சொருகப்பட்டிருந்தன.

அந்தச் சக்கரத்தின் டிரம்மைக் கழற்றினால், பிரேக் லைனரைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் கசிந்து லைனர் முழுக்க நனைந்திருந்தது. மீன் பெட்டியிலிருந்து ஒழுகுகிற ஐஸ் தண்ணியும் உப்பும் டிரம்முக்குள் போகும். வண்டி தடைக்காலத்தில் அசையாமல் நின்றால் சிலிண்டரின் உள்சுவர் துருப்பிடித்துச் சொரசொரப்பாகும். ஓட ஆரம்பித்ததும் அந்தச் சொரசொரப்பு ரப்பரைக் கிழிக்கும். நம் கரையில் இது சாதாரணமாக வருகிற கோளாறு. டிரம்மைத் திறந்து பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆயில் கசிந்து மினிமம் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், சமதளத்தில், டப்பாவில் ஆயில் அளவைப் பார்க்கிற மிதவை மேலே நிற்கும். இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது ஆயில் முன்பக்கம் சாயும், மிதவை இறங்கும், லைட் எரியும். பாலத்தில் மட்டும் எரிந்ததற்குக் காரணம் இதுதான். முதலில் நிரப்பிய ஆயிலும், சிலிண்டர் மாற்றியபோது ஊற்றிய ஆயிலும் டப்பாவை நிறைத்ததால்தான் லைட் நின்றது. சிலிண்டருக்கு நான் கொடுத்த பணம் கசிவை ஒரு சொட்டுகூட நிறுத்தவில்லை. ஹேண்ட் பிரேக்குக்கு ஒரு சுவிட்ச், ஆயில் அளவுக்கு வேறு சுவிட்ச், இரண்டுக்கும் ஒரே பல்பு. ஆயில் சுவிட்சின் ஒயரை வெட்டிவிட்டு ஹேண்ட் பிரேக் சுவிட்சில் லைட்டை எரியவைத்துக் காட்டினார்கள். தெரிந்தே செய்த ஏமாற்று இது. முன் பின் பிரேக்குக்கு டப்பாவில் தனித்தனிப் பாதி இருப்பதால்தான் முன் டிஸ்க்காவது அன்றைக்குப் பிடித்தது. இல்லையென்றால் நானும் கிளீனர் பையனும் என்ன ஆகியிருப்போம் என்று தெரியாது.

உங்கள் வண்டியில் இந்த லைட் வந்து வந்து போனால், ஹேண்ட் பிரேக் லிவரைக் கையால் நன்றாகக் கீழே அமுக்கிப் பாருங்கள். அணைந்தால் சுவிட்சோ கேபிளோ சரியில்லை. அணையாவிட்டால் ஆயில் டப்பா. முன் டிஸ்க் பேட் தேயத் தேய ஆயில் மெதுவாக இறங்குவது இயல்பு, ஆனால் நிரப்பிய சில நாளில் மறுபடி இறங்கினால் அது கசிவு. நாலு டயரின் உள்பக்கம், பைப் ஜாயின்ட், மாஸ்டர் சிலிண்டருக்கும் மிதிக்கிற விசையைக் கூட்டுகிற பூஸ்டருக்கும் நடுவே என்று எங்கே ஈரம் என்று பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்ற விடாதீர்கள். மஞ்சள் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) லைட்டும் சேர்ந்து எரிந்தால் அது வேறு கணக்கு, ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்துப் பார்ப்பது போதாது. நிறைய பிக்கப்பில் மிதவை டப்பா மூடியிலேயே இருக்கும். சாவியைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, மூடியைக் கழற்றி மேலே தூக்குங்கள். மிதவை தொங்கினால் லைட் எரிந்தே ஆக வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஆயிலையும் சீல் உடைக்காத டப்பாவிலிருந்து உங்கள் கண் முன்னால் ஊற்றச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்கிற தரத்தில் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அது 140-க்கு இறங்கிவிடும். கடற்கரையில் திறந்து கிடக்கிற டப்பாவை நம்ப முடியாது.

வாடகை வண்டி, தொழில் வண்டி என்று சொல்லி நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது என்றே இருக்கிறது. நாமே ஓட்டிப் பிழைக்கிற வண்டிக்கு அந்த விளக்கத்தைக் காட்டி வாதாடலாம். இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

அந்த வெள்ளைத் தாள், வெட்டிய ஒயரின் போட்டோ, நனைந்த லைனர், மண்டபம் அண்ணன் எழுதிக் கொடுத்த விவரம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. மாவட்ட ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி ஒயர் வெட்டப்பட்ட வண்டி வேறு யாரிடமாவது இருந்தால், டேப்பைப் பிரிக்காமல் முதலில் போட்டோ எடுத்துவிட்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள்.