பாட்டரியில் பழுதில்லை: குன்னூர்ச் சந்தில் ஒரு மின்மிதிவண்டிப் பட்டறை

குன்னூர் பெட்போர்டில், பிரதான சாலையை விட்டுப் படிக்கட்டில் இறங்கிப் போகும் சந்து ஒன்றில், தேயிலைத் தொழிற்சாலை மோட்டார்களுக்குக் காயில் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் இப்போது மின்மிதிவண்டிகளையும் பழுது பார்க்கிறார். கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. வாசலில் தொங்கும் கருகிய செப்புக் காயில்களே அடையாளம். கடந்த ஐப்பசி மழையில் தொடங்கி இரண்டு மாதங்களுக்குள் இரண்டு முறை என் வண்டியை அங்கே விட்டு எடுத்திருக்கிறேன் என்பதால், சொந்தமாக வண்டி பூட்டி மலையில் ஓட்டுகிற மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

என் வண்டி கடையில் வாங்கியதன்று. பழைய இரும்புச் சட்ட கியர் சைக்கிளின் பின்சக்கரத்தில் 36 வோல்ட், 250 வாட் கியர் ஹப் மோட்டாரை (சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் பல்சக்கரங்களோடு அடங்கிய மோட்டார்) பூட்டி, 10 ஆம்பியர்-மணி லித்தியம் அயன் பாட்டரியையும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும், அதிகபட்சம் 14 ஆம்பியர் இழுக்கும் கன்ட்ரோலரையும் வெவ்வேறு இடங்களில் வரவழைத்து நானே இணைத்தேன். எல்லநள்ளியில் இருந்து காலையில் குன்னூருக்கு இறங்கி, மாலையில் வெலிங்டன், அருவங்காடு வழியாக ஏறி வீடு திரும்புவது வழக்கம். கல்லாறில் இருந்து குன்னூர் வரை பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் மலை ரயில், குன்னூருக்கு மேல் அது இல்லாமலே ஊட்டிக்குப் போய்விடுகிறது. அந்த அளவுக்கு இது சாதுவான ஏற்றந்தான். ஆனாலும் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் இருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டிக்கு, ஆளும் வண்டியுமாக 100 கிலோவைத் தூக்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ 106 வாட்-மணி ஆற்றல் வேண்டும். மோட்டார் மெதுவாகச் சுழலும்போது வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால், 360 வாட்-மணி பாட்டரியில் பாதிக்கு மேல் அந்த ஒரு ஏற்றத்துக்கே போய்விடும். சமதளத்தில் பல மாதங்கள் தலைகாட்டாத குறைகள் மலையில் ஒரே வாரத்தில் வெளியே வருவதற்கு இதுவே காரணம்.

முதல் தொல்லை, மாலை ஏற்றத்தில் மோட்டார் நின்று போவது. டிஸ்பிளே அணையாது, பாட்டரிக் கோடுகள் மட்டும் சட்டென்று ஒன்றுக்கு இறங்கும், மோட்டார் விட்டுவிடும், சில விநாடிகள் கழித்துத் தானாக மீண்டு வரும். சமவெளியில் உள்ள ஒரு கடையில் காட்டியபோது, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தை வெறுமனே சுழலவிட்டுப் பார்த்துவிட்டு, பாட்டரி போய்விட்டது, புதிதாகப் போட 14,000 ரூபாய் ஆகும் என்றார்கள். நானும் ஏறக்குறைய நம்பிவிட்டேன்.

குன்னூர்க்காரர் முதலில் கேட்ட கேள்வி, டிஸ்பிளேயும் சேர்ந்து அணைகிறதா என்பதுதான். டிஸ்பிளே முழுவதும் செத்துப்போய், அணைத்துப் போட்டால்தான் உயிர் வருகிறது என்றால், பாட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகையான பி.எம்.எஸ். இணைப்பைத் துண்டிக்கிறது என்று சந்தேகிக்கலாம். டிஸ்பிளே எரிந்துகொண்டிருக்க மோட்டார் மட்டும் நின்றால், தன்னிடம் வந்துசேரும் மின்னழுத்தம் குறைந்துவிட்டதாகக் கன்ட்ரோலர் கருதுகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பாட்டரியின் பெயரைச் சொல்வதற்கு முன் இந்த ஒரு கேள்வியை முந்தைய கடையில் யாரும் கேட்கவில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தக் கடைக்கு நான் மதிப்பெண் போடக் காரணம். பாட்டரியின் முனையில் இருந்து ஒரு ஜோடி, கன்ட்ரோலரில் மின்சாரம் நுழையும் வாயிலில் இருந்து ஒரு ஜோடி என்று மெல்லிய ஒயர்களை இழுத்து, ஒவ்வொன்றிலும் சிறிய ஃபியூஸ் வைத்து, இரண்டு மல்டிமீட்டர்களைக் கைப்பிடியில் பழைய சைக்கிள் ட்யூபை அறுத்த ரப்பர்ப் பட்டையால் கட்டினார். "ஸ்டாண்டுல சும்மா சுத்துற சக்கரம் ஒண்ணும் சொல்லாதுங்க சார், மேட்டுல ஏத்திட்டு வாங்க" என்று என்னையே அனுப்பினார். இரண்டு மீட்டர்களும் குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வகை என்பதால், ஓட்டும்போது அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

திரும்பி வந்து பார்த்தோம். ஏறுவதற்கு முன் பாட்டரி 36.4 வோல்ட் காட்டியிருந்தது. ஏற்றத்தில் பாட்டரி முனையில் 33.1 வோல்ட், கன்ட்ரோலர் வாயிலில் 31.2 மட்டுமே. என் கன்ட்ரோலர் 31 வோல்ட்டில் நிறுத்திக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. கொஞ்சம் குளிர் கூடினால், அல்லது பாட்டரி இன்னும் சற்று இறங்கினால், அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். பாட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே, இரண்டு சாண் ஒயரில், 1.9 வோல்ட் காணாமல் போயிருந்தது. 14 ஆம்பியரில் அது 26 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பம். ஒரு சிறிய சாலிடரிங் அயர்ன் அளவு. அவர் மஞ்சள் நிற எக்ஸ்டி60 கனெக்டரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது. கழற்றியபோது உள்பக்கம் பழுப்பேறியிருந்தது. ஒரு முனையில் ஈயம் ஒயருக்குள் இறங்காமல் மேலே மணியாக உருண்டு நின்றது. அந்தச் சாலிடரை வைத்தவன் நான்தான். கனெக்டரை மாற்றி, ஒயர் நன்றாகச் சூடேறிய பிறகு ஈயத்தைக் குடிக்கவிட்டு, சுருங்கும் உறை போட்டு மீண்டும் ஓட்டியபோது இழப்பு அரை வோல்ட்டாகக் குறைந்தது. பாட்டரிக்கு வயதாகியிருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் இன்னும் ஓர் ஆண்டு ஓடும் என்றார்.

இரண்டாவது தொல்லை மூடுபனியில் மட்டும் வரும். காலையில் பனி இறங்கியிருக்கும் நாட்களில் த்ராட்டிலை எவ்வளவு திருகினாலும் வண்டி அசையாது. பத்து மணி வெயிலில் தானாகச் சரியாகிவிடும். வெயில் நேரத்தில் கொண்டுபோனதால் கடையில் அது தோன்றவே இல்லை. அவர் பூந்தொட்டிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து, த்ராட்டில், டிஸ்பிளே, பிரேக் லீவர்கள் என்று ஒவ்வொன்றாகத் தெளித்துக் காத்திருந்தார். இடது பிரேக் லீவரை நனைத்ததும் மோட்டார் மௌனமானது. பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்துவதற்காக லீவருக்குள் இருக்கும் சிறிய சுவிட்சில் ஈரம் புகுந்து கசிவு ஏற்பட, கன்ட்ரோலர் யாரோ பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டது. ஏறத்தாழ 5 வோல்ட் இருக்க வேண்டிய அந்த ஒயரில் 1.4 வோல்ட்தான் இருந்தது. அந்தக் கனெக்டரைக் கழற்றினாலே வண்டி ஓடும். பலர் அப்படியே விட்டும்விடுகிறார்கள். இறக்கத்தில் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லி, அவர் அதற்கு இசையவில்லை. மூடிய சுவிட்ச் உள்ள லீவர் ஜோடியைப் போட்டார். த்ராட்டிலையும் கையோடு சோதித்தார்: விட்ட நிலையில் 0.9 வோல்ட், முழுவதும் திருகினால் 4.1; அதில் குறையில்லை.

மூன்றாவது தொல்லையில் அவர் சறுக்கினார். நின்ற இடத்தில் இருந்து புறப்படும்போது சக்கரம் சில சமயம் உதறிவிட்டு நின்றுவிடும். முதல் முறை, மோட்டார் சுழலும் நிலையைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார்களைச் சோதித்து, எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார்; மூன்றே நாளில் உதறல் திரும்ப வந்தது. இரண்டாம் முறை, கியர் ஹப்பில் முன்னோக்கிச் சுற்றினால் உள்ளே மோட்டார் சுழலாது என்பதால் சக்கரத்தைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றிக்கொண்டே, அச்சுக்குள் நுழையும் இடத்தில் கேபிளை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சுழலச் சுழல ஹால் சென்சார்களின் மூன்று ஒயர்களிலும் 0 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே மாறிமாறி வரவேண்டிய அளவு, மஞ்சள் ஒயரில் மட்டும் கேபிள் வளைந்த நிலையில் 5 வோல்ட்டிலேயே நின்றது. அச்சு சட்டத்தின் பள்ளத்துக்குள் சற்றே திரும்பி, கேபிளை நசுக்கி, அந்த ஒயரை உள்ளுக்குள் அறுத்திருந்தது. ஏற்றத்தில் மோட்டார் தரும் முறுக்குவிசை முழுவதையும் அச்சின் இரண்டு நட்டுகளை நம்பி விட்டிருந்தேன்; டார்க் ஆர்ம் எனப்படும் தாங்குதகட்டைப் போடாதது என் பிழை. லேத் பட்டறையில் தகடு வெட்டி வாங்கி, சட்டத்தோடு சேர்த்துப் பூட்டினார். ஆனால் கேபிளை அசைத்துப் பார்க்கும் இந்தச் சோதனையை முதல் முறையே செய்திருக்கலாம் அல்லவா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு, இரண்டாம் முறைக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

செலவு: முதல் முறை கூலி 350, கனெக்டரும் ஒயரும் 180, பிரேக் லீவர் ஜோடி 600 ரூபாய், இரண்டாம் முறை தகட்டுக்கு 250 மட்டும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நான்கு நாள் என்று சொன்னவர் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். போனை எடுப்பது அபூர்வம். பில் கேட்டால், நோட்டுப் புத்தகத்தில் எழுதியதைப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். 22 கிலோ வண்டியைப் படிக்கட்டில் இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் துணைக்கு ஒருவர் இல்லாமல் போகாதீர்கள். பாட்டரியைத் திறந்து செல் மாற்றும் வேலையை அவர் செய்வதில்லை. செல்களை ஒட்டும் ஸ்பாட் வெல்டிங் கருவி இல்லாமல் அதைத் தொடுவது தப்பு என்கிறார். நான் இருந்தபோதே, பி.எம்.எஸ்ஸைத் தாண்டி நேரடியாக ஒயர் கொடுக்கச் சொல்லி வந்த ஓர் இளைஞரைத் திருப்பி அனுப்பினார். வேகத்தைக் கூட்டித் தரவும் மாட்டார். மணிக்கு 25 கிலோமீட்டரையும் 250 வாட்டையும் எட்டாத வண்டிக்குத்தான் பதிவும் உரிமமும் தேவையில்லை என்பதை, கேட்காதவர்களுக்கும் சொல்லி அனுப்புகிறார். இவற்றை நான் குறையாக எண்ணவில்லை என்றாலும், அந்த வேலைகளுக்காகப் போகிறவர்கள் ஏமாறக்கூடும்.

தலைக்குந்தா பக்கம் புல்வெளி வெளுக்கும் ஜனவரி உறைபனியில் பாட்டரியை வெளியே வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள் என்பது அவர் போகிறபோக்கில் சொன்ன அறிவுரை. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகவே படிந்து, கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். நான் இப்போது பாட்டரியை இரவில் சமையலறைக்குள் வைத்துவிட்டுக் காலையில்தான் சார்ஜில் போடுகிறேன்.

அங்கே போவதாக இருந்தால் பாட்டரியை முழுவதும் சார்ஜ் செய்து கொண்டுபோகாதீர்கள். 42 வோல்ட் நிறைந்த பாட்டரி இதுபோன்ற மின்னழுத்த இழப்புகளையெல்லாம் மூடிவிடும். பாதி இறங்கிய பாட்டரியோடு, முடிந்தால் பனிமூட்டமுள்ள மாலையில் போங்கள். வண்டி தன் குறையை அவர் கண்முன்னே காட்டிவிடும்.