லாயத்தில் இரண்டு இரவு

என் தாத்தா குதிரை வண்டி ஓட்டிய பண்ணை அது. குதிரைகள் நின்ற லாயத்தைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பங்குனியில் அம்மாவை அழைத்துக்கொண்டு போய் இரண்டு இரவு தங்கினேன். நீடாமங்கலம் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் கால்மணி நேரம், வெண்ணாற்றங்கரைப் பக்கம். ஒரு நாளைக்கு 2,800 ரூபாய், காலைப் பலகாரம் சேர்த்து.

வேலை செய்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். 2018 கஜா புயலில் பாதி ஓடு பறந்துவிட்டதாம். சிமெண்ட் ஷீட் போட்டு முடித்துவிடாமல், இடித்த பழைய வீடுகளில் தேடி வாங்கி நாட்டு ஓடே வேய்ந்திருக்கிறார்கள். ஓட்டைத் தாங்கும் பனஞ்சட்டங்களான பனங்கைகளில் பழுதில்லாதவை அப்படியே இருக்கின்றன. சுவர் சுண்ணாம்புக் காரை; மத்தியானம் மூன்று மணிக்கும் மின்விசிறியே போதுமாக இருந்தது. குதிரை கட்டிய இரும்பு வளையங்கள் சுவரில் உண்டு. செங்கல் பாவிய தரை பின்பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்கும், மூத்திரம் தேங்காமல் ஓட வேண்டுமே. கட்டில் காலுக்குப் பலகை கொடுத்துச் சமப்படுத்தியிருக்கிறார்கள். வாசலில் படியே கிடையாது, குதிரைக்குக் கால் இடறக் கூடாதென்று. முழங்கால் வலிக்காரரான அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி.

காலையில் இட்லிக்குக் கொள்ளுத் துவையல். அம்மா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கெண்டை மீன் குழம்பு முதல் நாளே சொன்னால்தான் கிடைக்கும். கொசுவலை இல்லை, ஆற்றோரம் என்பதால் கட்டாயம் வேண்டும்.

என் மனக்குறை முன்கூடத்தில் மாட்டியிருக்கும் பலகைதான். 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் விட்டார்கள், அப்புறம் ஸ்டேஷனுக்குப் போய்வர மிராசுதார் சாரட்டு வாங்கினார் என்று தொடங்குகிறது. குதிரைகளின் நிறம்கூட எழுதியிருக்கிறது. பிறகு மோட்டார் கார் வந்தது. அதற்கடுத்த வரியிலேயே 'புதுப்பிக்கப்பட்டது' என்று முடிந்துவிடுகிறது.

நடுவில் இங்கே மனிதர்கள் குடியிருந்தார்கள். குதிரைகளை விற்றபின் லாயத்தில் விதைநெல் கோட்டைகளை, அதாவது வைக்கோலில் பொதிந்து கட்டிய நெல் மூட்டைகளை, அடுக்கியிருந்தார்களாம். 1952 நவம்பர் 30 புயலில் குடிசைகள் போனதும், கோட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு ஏழு குடும்பங்கள் நுழைந்தன. பண்ணையாட்களைப் பாதுகாக்கச் சட்டம் வந்ததும் அதே வருஷம்தான், ஆனால் அன்றைக்கு அவர்களுக்குக் கூரைதான் முதலில் வேண்டியிருந்தது. அறுவடை முடிந்ததும் மற்றவர்கள் கீற்று வேய்ந்துகொண்டு போனார்கள். தாத்தா குடும்பம் மட்டும் ஒன்பது வருஷம் இருந்தது. 1955இல் அம்மா பிறந்தது அங்கேதான்.

குதிரைக்குத் தீனி வைத்த காடி இப்போது புத்தக அலமாரி. அதைத் தடவிக்கொண்டே, "இதுலதான் ஆத்தா விறகு அடுக்கி வைக்கும்" என்றார் அம்மா. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் தம்பி உடனே நோட்டு எடுத்துவந்து, அம்மா எதிரில் தரையில் உட்கார்ந்து, ஏழு குடும்பத்தின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டது. முதலாளியிடம் சொல்லிப் பலகையில் சேர்ப்பதாகவும் சொன்னது. சேர்க்க வேண்டும், அடுத்த முறை போய்ப் பார்ப்பேன்.

தங்கப் போகிறவர்கள் மூன்றாவது அறையைக் கேளுங்கள். வெள்ளை நன்றாகத்தான் அடித்திருக்கிறார்கள், ஆனாலும் தென்கிழக்கு மூலையில் புகைக் கறுப்பு லேசாகத் தெரியும். பாட்டியின் அடுப்பு இருந்த இடம் அது.