மீட்டர் நோட்டோடு எட்டு வருடம்: வீட்டில் மாற்றியவையும் அவை தாங்கிய விதமும்

எங்கள் வீட்டு மின் மீட்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் நோட்டு ஒன்று தொங்குகிறது. எட்டு வருடமாக ஞாயிறுதோறும் காலையில் மின் மீட்டர், தண்ணீர் மீட்டர் இரண்டையும் பார்த்து அதில் எழுதி வருகிறேன். வீட்டைச் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக மாற்ற எத்தனையோ வாங்கினோம், மாட்டினோம், கழற்றினோம். எது பலன் தந்தது, எது மனத்திருப்தியோடு நின்றுபோனது என்று பிரித்துக் காட்டியது அந்த நோட்டுதான். புதிதாகத் தொடங்குபவர் யார் கேட்டாலும், எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முதல் வருடம் துணிப்பைகள், மூங்கில் பிரஷ், எவர்சில்வர் பாட்டில் என்று ஆரம்பித்தோம். அவற்றில் தப்பில்லை. ஆனால் துணிப்பை விஷயத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பை பருவநிலைக் கணக்கில் மட்டுமே பிளாஸ்டிக் பைக்கு ஈடாக 50 தடவைக்கு மேல் பயன்பட வேண்டும். மற்ற பாதிப்புகளையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் போகிறது. நான் வாங்கியது பன்னிரண்டு பைகள். வீட்டில் ஏற்கெனவே கிடந்த பைகளே போதும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. இன்றும் அதே பழைய பைகள்தான் கதவுக்குப் பின்னால் தொங்குகின்றன. இத்தனைக்கும் நோட்டில் எண்கள் அசையவே இல்லை. வாரத்துக்கு வாரம் அதே யூனிட், அதே லிட்டர்.

அசைய ஆரம்பித்தது நண்பர் ஒருவர் வாட் மீட்டரை இரவல் கொடுத்த பிறகு. பிளக்கில் செருகி, அதில் சாதனத்தை மாட்டிவிட்டால் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் சின்னக் கருவி. டிவியோடு இருந்த செட்டாப் பாக்ஸ் அணைத்து வைத்திருந்தபோதும் பத்து வாட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் கணக்கில் கால் யூனிட். அதை ஸ்விட்ச் போர்டிலேயே அணைக்கப் பழகியது எங்கள் முதல் உருப்படியான மாற்றம்.

ஃபிரிட்ஜை அந்த மீட்டரில் ஒரு மணி நேரம் பார்த்தால் பயனில்லை. கம்ப்ரஸர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். முழுதாக இரண்டு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் ஃபிரிட்ஜ் அப்படிப் பார்த்ததில் நாளுக்கு 1.9 யூனிட் வந்தது. கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். கீழ் மூலையில் தடையே இல்லாமல் வழுக்கி வந்தது. ரப்பரை மாற்றி, பின்பக்கக் கம்பிச்சுருளில் படிந்திருந்த தூசியைத் துடைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். உள்ளே 4 டிகிரி, ஃபிரீசரில் மைனஸ் 18 என்று வைத்தோம். அதற்கும் கீழே தேவையே இல்லை. அடுத்த அளவீட்டில் 1.4 யூனிட். புது ஃபிரிட்ஜ் வாங்கும் எண்ணத்தை அன்றே கைவிட்டோம். ஆறு வருடமாக அதே ஃபிரிட்ஜ்தான் ஓடுகிறது, ரப்பரை மட்டும் இன்னொரு முறை மாற்றியிருக்கிறோம்.

விளக்குகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தருகிறது. எல்லாவற்றையும் மாற்றினோம். எட்டு வருடத்தில் நான்கு போயின. நான்குமே மூடிய கண்ணாடிக் குமிழுக்குள் இருந்தவை. எல்இடியில் பெரும்பாலும் முதலில் சாவது ஒளிதரும் சில்லு அல்ல, அதன் அடியில் இருந்து மின்சாரத்தைச் சில்லுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட். காற்றோட்டம் இல்லாத இடத்தில் சூட்டில் வெந்து போய்விடும். குமிழைக் கழற்றிய பிறகு அந்த இடத்தில் ஒன்றும் போகவில்லை. கூடவே இன்னொன்றும் நடந்தது. குறைவாகத்தானே இழுக்கிறது என்று வராந்தா விளக்கு இரவு முழுக்க எரிய ஆரம்பித்தது. நீராவி இயந்திரங்களின் திறன் கூடக்கூட நிலக்கரிச் செலவும் கூடியதை ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவோன்ஸ் 1865-லேயே கவனித்து எழுதினார். அதன் சின்னப் பதிப்பு எங்கள் வராந்தாவில் நடந்தது. நோட்டு இல்லாவிட்டால் கண்ணில் பட்டிருக்காது.

பெரிய செலவு வெந்நீர்தான். இதை நான் கணக்குப் போட்டுப் பார்த்த நாளில் திகைத்துப் போனேன். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி வேண்டும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் கொட்டும் ஷவரில் எட்டு நிமிடம் குளித்தால் 80 லிட்டர். அதைப் பதினைந்து டிகிரி ஏற்ற ஏறக்குறைய 1.4 யூனிட். அதே மின்சாரத்தில் ஒரு 9 வாட் விளக்கை 150 மணி நேரத்துக்கு மேல் எரிக்கலாம். நாங்களோ அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு, ஷவரின் கீழே நின்றுகொண்டே யோசித்துக்கொண்டிருந்தோம்.

ஷவர் தலையை நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் விடுவதாக மாற்றினோம். ஹீட்டரிலிருந்து குளியலறைக்குப் போகும் வெந்நீர்க் குழாய்க்கு ஃபோம் உறை போட்டோம். துணி துவைக்கும் மெஷினைக் குளிர்நீருக்கு மாற்றினோம். அந்த மெஷினில் மின்சாரத்தின் பெரும்பங்கு டிரம்மைச் சுழற்றப் போவதில்லை, தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. துண்டுகள், படுக்கை விரிப்புகளுக்கு மட்டும் எப்போதாவது சூடு வைக்கிறோம். இந்த மூன்றும் சேர்ந்து ஒரே மாதத்தில் நோட்டில் தெரிந்தன. வேறு எதுவும் அவ்வளவு சீக்கிரம் தெரியவில்லை.

ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று சேமிப்பு ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டை 45 டிகிரிக்கு இறக்கி வைத்திருந்தேன். தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். கடும் நிமோனியாவைத் தரக்கூடியது அது. டேங்க் வகை ஹீட்டருக்கு 60 டிகிரி என்று பரிந்துரைப்பது அதனால்தான். வீட்டில் அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல். தெரிந்த அன்றே மறுபடி 60-க்கு ஏற்றினேன். சூட்டைக் குறைக்காமல் அளவைக் குறையுங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் குழாயில் தண்ணீர் கலந்து வரும் சூட்டையும் கவனியுங்கள்.

மூன்றாம் வருடம் சூரிய வெந்நீர் கருவி போட்டோம். இரண்டு வருடம் குறையே இல்லை. பிறகு தண்ணீர் சூடாக நேரம் பிடித்தது, அடியில் துருவும் வந்தது. பொருத்தியவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே போயிருந்தார்கள்: டேங்குக்குள் மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கிறது. இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டு டேங்கைக் காப்பது அதன் வேலை. எங்களுடையது முழுதும் கரைந்து உள்ளே கம்பி நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. உப்புத் தண்ணீரில் அது இன்னும் வேகமாகக் கரையும். இப்போது வருடத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்க்கிறோம், குழாய்களில் படியும் சுண்ணாம்பையும் எடுக்கிறோம். கருவி வாங்கும்போது அந்தக் கம்பி எங்கே இருக்கிறது, எப்படிக் கழற்றுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதைச் செய்தால் நிறைவான கருவி.

வீட்டைக் குளிர்விப்பதில் நான் முதலில் வாங்கியது தடித்த திரைச்சீலை. அரைப் பலன்தான். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் திரையில் பட்டு அறைக்குள்ளேயே சூடாகத் தங்கிவிடுகிறது. மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டியபோதுதான் வித்தியாசம் புரிந்தது. கூரைக்கு வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு அடித்தோம். கறுத்த கூரை உச்சி வெயிலில் 65 டிகிரியைத் தொடும். வெள்ளைப் பூச்சு அதை 25 டிகிரிக்கு மேலும் குறைக்க வல்லது. முதல் கோடையில் மாடி அறையில் பகலிலும் படுக்க முடிந்தது. மூன்றாம் கோடையில் பழைய சூடு திரும்பியது போலிருந்தது. ஏறிப் பார்த்தால் கூரை வெள்ளையாகவே இல்லை: தூசி, பாசி, பறவை எச்சம். பிரஷால் தேய்த்துக் கழுவிய அடுத்த வாரமே மாற்றம் தெரிந்தது. அதனால் கோடைக்கு முன்னால் கூரை கழுவுவது எங்கள் வீட்டில் நாள் குறித்துச் செய்யும் வேலை. ஃபேன்களை பிஎல்டிசி என்ற, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வகைக்கு மாற்றியதில் 75 வாட் 30 வாட்டாகக் குறைந்தது. ஐந்து வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை, ரிமோட்டுகள் காணாமல் போவதைத் தவிர.

தண்ணீர் மீட்டரை ஒரு நாள் இரவு படுக்கும்போதும், விடிந்து யாரும் குழாய் திறப்பதற்கு முன்பும் எழுதினேன். நாற்பது லிட்டர் போயிருந்தது. எந்தக் குழாயும் சொட்டவில்லை. ஃபிளஷ் டேங்கில் கொஞ்சம் உணவு நிறமி கலந்து அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, யாரும் அழுத்தாமலே பீங்கானில் நிறம் வந்திருந்தது. அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் சப்பிப் போய், சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. பத்து நிமிட வேலையில் அது நின்றது. தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும், குழாய் முனையில் மாட்டும் ஏரேட்டர்களும் நல்லவைதான், நாலைந்து மாதத்துக்கு ஒரு முறை கழற்றி வினிகரில் ஊறப்போட்டால். இல்லாவிட்டால் அடைத்துக்கொண்டு, யாராவது எரிச்சலில் கழற்றி எறிந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் இரண்டு அப்படித்தான் போயின.

இனி மக்கு உரம். இதில்தான் அதிகம் தோற்றேன், அதிகம் மகிழ்ந்ததும் இதில்தான். முதல் தொட்டி பத்தே நாளில் நாறியது. காய்கறித் தோலை மட்டும் கொட்டிக்கொண்டே போயிருந்தேன். ஈரக் கழிவில் நைட்ரஜன் கூடுதல். மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். அது காய்ந்த இலையிலும் அட்டையிலும் மரத்தூளிலும் இருக்கிறது. காற்று போகாமல் ஈரம் கட்டிக்கொண்டால் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக்கொள்ளும், நாற்றமும் மீத்தேனும் வரும். மீத்தேன் நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றக்கூடியது. குப்பைமேட்டில் புதைபடும் ஈரக் கழிவுக்கும் இதே கதிதான். வீட்டிலேயே மக்கவைப்பதன் காரணமே அதைத் தவிர்ப்பதுதான்.

பக்கத்து வீட்டு அக்கா தோட்டத்தில் கூட்டும் இலைகளை எரிப்பதை விட்டுவிட்டு மூட்டையாகக் கட்டி எங்களுக்குத் தர ஆரம்பித்தார். ஒரு கை ஈரத்துக்கு இரண்டு மூன்று கை காய்ந்த இலை. வாரம் இருமுறை கிளறல். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. மூன்றாம் வாரம் நடுவில் கை வைத்தபோது சுட்டது. அந்தச் சூட்டை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்த சந்தோஷத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

பிறகு ஒரு நாள் தொட்டி முழுக்கப் பருத்த புழுக்கள். “இதை மூடிப் போட்டுடு கண்ணு, எனக்கு உடம்பெல்லாம் கூசுது” என்றார் அம்மா. அவை பிளாக் சோல்ஜர் ஃபிளை என்ற ஈயின் புழுக்கள். கழிவை அசுர வேகத்தில் தின்னும். வளர்ந்த ஈ வீட்டு ஈயைப் போலச் சாப்பாட்டில் மொய்ப்பதில்லை. விளக்கிச் சொன்னதும் அம்மா சமாதானமானார். இப்போது காலையில் முதலில் தொட்டியைத் திறந்து பார்ப்பவரே அவர்தான். “நேத்து போட்டதைக் காணோம் பாரு” என்பார்.

தொட்டியில் தோற்ற ஒரே பொருள், மக்கும் என்று அச்சிட்ட பை. பதினான்கு மாதம் கழித்து உரத்தைச் சலித்தபோது எழுத்துகூட அழியாமல் வெளியே வந்தது. பி.எல்.ஏ. என்ற தாவரவழி பிளாஸ்டிக்கில் செய்த இந்த வகைப் பைகள் 60 டிகிரியை ஒட்டிய சூடு தொடர்ந்து கிடைக்கும் பெரிய உரக்கூடங்களில்தான் மக்குகின்றன. வீட்டுத் தொட்டி அவ்வளவு சூட்டை அத்தனை நாள் தாங்கி வைக்காது. பையில் அதைத் தெளிவாகப் போட்டிருக்க வேண்டும்.

கடைசியாக, நோட்டில் வராத ஒன்று. ஏசியில் குளிர்ச்சி குறைந்ததும் மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். “கேஸ் கம்மியா இருக்கு சார், ஏத்திடறேன்” என்றார். அடுத்த வருடமும் அதே. ஏசியில் இருக்கும் வாயு பெட்ரோல் போலத் தீர்ந்துபோவதில்லை, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைகிறது என்றால் எங்கேயோ கசிந்து காற்றில் கலக்கிறது. எங்கள் ஏசியில் இருப்பது ஆர்-410ஏ என்ற வாயு. ஒரு கிலோ கசிந்தால் ஏறக்குறைய இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். நான் இத்தனை வருடம் யூனிட் யூனிட்டாகச் சேர்த்த மிச்சத்தின் பெரும்பகுதியை அந்த ஒரு குழாய் முனை யாருக்கும் தெரியாமல் செலவழித்திருக்கிறது. இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கத்தான் 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் நாடுகள் கூடி உடன்பாடு செய்தன.

மூன்றாம் தடவை வேறொருவரை அழைத்து, கசிவைக் கண்டுபிடித்த பிறகுதான் வாயு ஏற்ற வேண்டும் என்று சொன்னேன். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக்கொண்டே போனார். வெளிப்பக்க யூனிட்டின் நட்டில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. குழாய் முனையை வெட்டிப் புதிதாக விரித்து முடுக்கினார். நான்கு வருடம் ஆகிறது. அதன் பிறகு ஒரு தடவைகூட வாயு ஏற்றவில்லை.