எந்தச் சதியை முதலில் படிப்பது?

பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும் தம்பி ஒருவன் வருமானச் சான்று எடுக்க எங்கள் இ-சேவை மையத்துக்கு வந்தான். போகும்போது கேட்டான்: "அண்ணா, 'பொன்னியின் செல்வன்', 'தி டே ஆஃப் தி ஜாக்கல்', ரெண்டுல எதை முதல்ல படிக்கட்டும்?" வரிசையில் ஆள் நின்றதால் அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டிலும் முடிவு முன்பே தெரிந்ததுதான். ஜாக்கல் என்ற கூலிக் கொலைகாரன் குறிவைப்பது பிரான்ஸ் அதிபர் தெ கோலை. கதை நடப்பது 1963இல். அவரோ 1970 நவம்பரில் தன் வீட்டில்தான் இறந்தார். ஃபிரெடரிக் ஃபோர்சித்தின் நாவல் வந்தது 1971இல். ஆக, குண்டு அவரைக் கொல்லாது என்று தெரிந்தேதான் படிக்கிறோம். இந்தப் பக்கம், பொன்னியின் செல்வனில் வரும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டதையும் கொன்றவர்களில் ரவிதாசன், சோமன், பரமேசுவரன் ஆகியோர் பெயரையும் உடையார்குடிக் கல்வெட்டே சொல்லிவிடுகிறது. அப்படியும் இரண்டு புத்தகமும் என் தூக்கத்தைக் கெடுத்தன.

ஜாக்கல் என்னைப் பிடித்தது என் தொழில் வழியாக. அந்தக் கொலைகாரன் இங்கிலாந்தில் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், சின்ன வயதிலேயே இறந்த குழந்தை ஒன்றின் பெயரைத் தேடி எடுக்கிறான். அந்தப் பெயரில் பிறப்புச் சான்று வாங்குகிறான், அதைக் காட்டி பாஸ்போர்ட் எடுக்கிறான். பிறப்பு ஒரு பதிவேட்டில், இறப்பு இன்னொன்றில். அன்று இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை. தினமும் சான்றிதழ்களோடு உட்கார்ந்திருப்பவன் நான், அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவனைத் துரத்தும் லெபெல் என்ற போலீஸ்காரரும் காகிதத்தைத்தான் நம்புகிறார்: ஓட்டலில் தங்குவோர் நிரப்பும் சீட்டு, பாஸ்போர்ட் விண்ணப்பம், தொலைபேசி. சதி எப்படி நடக்கிறது என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய நாவலை நான் வேறு படித்ததில்லை.

ஆனால் ஜாக்கலுக்குக் கோபமும் இல்லை, கொள்கையும் இல்லை. அரை மில்லியன் டாலர் கூலி, அவ்வளவுதான்.

கல்கியிடம் போனால் மனிதர்கள் வருகிறார்கள். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுக் கூட்டம்; கதாநாயகன் வந்தியத்தேவன் ஒளிந்திருந்து பார்க்கிறான். பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி இருப்பதாக எல்லோரும் நினைத்த மூடுபல்லக்கிலிருந்து, அந்தக் கூட்டம் பட்டத்துக்கு முன்னிறுத்தும் இளவரசன் மதுராந்தகன் இறங்குகிறான். கூட்டத்தை நடத்தும் அந்தப் பழுவேட்டரையரோ சோழ நாட்டுக்காக அறுபத்து நான்கு விழுப்புண் பட்டவர். பட்டம் யாருக்குச் சேரவேண்டும் என்று அவர் பேசுவதைக் கேட்டால் நமக்கே நியாயம் போலத் தோன்றுகிறது. நல்ல மனிதன் ஒருவன் ஏன் சதிக்குள் போகிறான் என்பது ஜாக்கலில் கிடைக்காது. அப்புறம் இன்னொரு பக்கம், பாண்டிய மன்னனுக்காக உயிரையும் கொடுக்கச் சபதம் செய்த மெய்க்காவலர்களான ஆபத்துதவிகளின் தனிச் சதி. பெரியவர்கள் தங்கள் கூட்டம்தான் எல்லாவற்றையும் நடத்துகிறது என்று நம்பிக்கொண்டிருக்க, அவர்கள் வீட்டுக்குள்ளேயே அந்தச் சதி வளர்கிறது. இதுதான் எனக்கு உண்மை அரசியலுக்கு மிக நெருக்கமாகத் தெரிகிறது.

ஜாக்கலின் உண்மைப் பெயர் கடைசி வரை தெரியாது. கரிகாலனைக் கொன்ற கை யாருடையது என்பதைக் கல்கியும் அடித்துச் சொல்லவில்லை.

தம்பி, நீ பொன்னியின் செல்வனையே முதலில் எடு. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் என்பதால் அத்தியாயங்கள் சின்னவை. ராயக்கோட்டை வருவதற்குள் இரண்டு மூன்று முடிந்துவிடும். ஜாக்கலை நிறுத்தி நிறுத்திப் படித்தால் பிடி விட்டுப்போகும், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். முதல் பாகம் என் மேசையில் இருக்கிறது, சான்றிதழ் வாங்க வரும்போது எடுத்துக்கொண்டு போ.