ப்ளூ ஸ்பாட் ஜாபிஷ்: பாலக்காட்டுச் சூட்டில் ஏமாற வேண்டாம்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க. "ஒரு இஞ்ச் மணல் போதும்ங்ண்ணா, சில்லரெல்லாம் (தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) வேண்டாங்" என்று சொல்லி, கடையில் ப்ளூ ஸ்பாட் ஜாபிஷ் (நீலப்புள்ளி உள்ள, வளை தோண்டி வாழும் கடல்மீன்) ஜோடியை ஒன்பதாயிரத்துக்கு என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒன்று மூன்றாம் நாள் இரவே குதித்துத் தரையில் காய்ந்து கிடந்தது. மற்றது பதினொன்றாம் நாள், தோலில் வெள்ளைத் திட்டு படர்ந்து செத்தது. கேட்டதற்கு "உங்க தண்ணி சரியில்லைங்" என்று கையை விரித்தார்கள். பில்லில் 'மரைன் ஃபிஷ் 2' என்று மட்டும் இருந்ததால் வாதாடவும் வழியில்லை.

என் தொட்டியில் உப்பு (ஒப்படர்த்தி) 1.025, அம்மோனியா பூஜ்யம், இரண்டும் சரி. ஆனால் சூடு 29 டிகிரி.

இந்த மீன் மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவைச் சேர்ந்தது. பாறைத்திட்டை ஒட்டி மணலும் சிப்பித்துண்டும் கலந்து கிடக்கும் தரைதான் அதன் வீடு. 1991-ல்தான் அறிவியல் பெயரே வைத்தார்கள். மணலை வாயால் அள்ளித் துப்பித் துப்பி வளை தோண்டும். கிணற்றுக்கு உறை இறக்குவதுபோல வளையின் வாயைச் சுற்றிக் கல்லும் சிப்பியும் அடுக்கும். பகலில் அதற்கு நேர்மேலே நின்று, ஓட்டத்தில் வரும் மிதவை உயிர்களைத் தின்னும். முட்டைகளை ஆண் தன் வாயில் வைத்தே காக்கும். அவ்வளவு அழகான மீன், என் தொட்டியில் மூன்று தடவை தோண்டியும் மூன்று தடவையும் வளை சரிந்து, கடைசியில் கண்ணாடி மூலையில் செவுள் படபடக்க நின்றது. சர்க்கரை மாதிரி ஒரே சீரான பொடிமணல் நிற்கவே நிற்காது. ஒளிய இடமில்லாவிட்டால் ஜாபிஷ் மேலே பாயும்.

கடையில் பிவிசி குழாய்த் துண்டுக்குள்ளிருந்து தலை நீட்டுவதைப் பார்த்து, அதுவே போதும் என்று நினைக்காதீர்கள். மணல் 15 செ.மீ. ஆழம் வேண்டும்: பொடி அரகோனைட் (சுண்ணாம்புச் சத்துள்ள மணல்), அதோடு பவளச்சில்லு, 1 முதல் 3 செ.மீ. வரை உடைந்த கிளிஞ்சல். பெரிய பாறையை முதலில் அடிக்கண்ணாடியில் உட்காரவைத்து, பிறகு மணல் கொட்டுங்கள். மணல்மேல் பாறை வைத்தால் மீன் அடியில் தோண்ட, பாறை சரிந்து மீனை நசுக்கிவிடும். மேலே 6 மி.மீ. கண்ணுள்ள வலைமூடி, ஒயர் போகும் ஓட்டையையும் அடைக்க வேண்டும்.

சூடு 21 முதல் 24 டிகிரி. ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், பங்குனி வெயிலில் அது எந்த மூலைக்கு? சில்லர் இல்லையென்றால் இந்த மீனே வேண்டாம். கரீபியன் பக்கத்து மஞ்சள்தலை ஜாபிஷ் 25, 26 டிகிரியில் நன்றாக நிற்கும். மணலும் மூடியும் அதற்கும் இதேபோல்தான்.

வாங்கும் முன் கடைத்தொட்டியில் தெர்மாமீட்டரை நீங்களே வைத்துப் பாருங்கள். உங்கள் கண்முன் மைசிஸ் (இறால் போன்ற சிறு உயிர், மீன் தீனி) போடச் சொல்லுங்கள். தின்னாத மீனைத் தொடாதீர்கள். மீனின் பெயரையும் எத்தனை நாள் பொறுப்பு என்பதையும் பில்லில் எழுதித் தர மறுத்தால் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.