புயல் நேரத்தில் டிஸ்னி வேர்ல்ட்: அறைக்கு முழு மார்க், ரீஃபண்டுக்குப் பாதி

ஃப்ளோரிடாவில் புயல் வருகிறது என்றதும் கடலோர ஊர்க்காரர்களில் ஒரு சாரார் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காக்களை (பார்க்) ஒட்டிய டிஸ்னி ஹோட்டல்களுக்குக் கிளம்பிவிடுவார்கள். புயலுக்குப் பயந்து மிக்கி மவுஸ் வீட்டுக்கு ஓடுவதா என்று சிரிப்பு வரலாம். ஆனால் கணக்கு சரியான கணக்கு. கிழக்குக் கடலும் மேற்குக் கடலும் அங்கிருந்து கிட்டத்தட்ட 80 முதல் 100 கி.மீ. தள்ளி இருக்கின்றன. புயலில் ஆளைக் கொல்லும் பெரிய ஆபத்துகளில் ஒன்று ஊருக்குள் புகும் கடல்தண்ணீர், அது இவ்வளவு தூரம் வராது. கரையைத் தாண்டி வரும்போது காற்றின் வேகமும் குறைந்துவிடும். 1971-இல் பார்க் திறப்பதற்கு முன்பே அந்தச் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி, தண்ணீர் ஏற ஏறத் தானே திறந்துகொள்ளும் மிதவைக் கதவுகளைப் பொருத்திவிட்டார்கள். கரன்ட் போனாலும் அவை வேலை செய்யும்.

விதிவிலக்கும் உண்டு. 2004 ஆகஸ்ட் 13-இல் சார்லி புயல் தென்மேற்குக் கரையில் ஏறி நேராக ஆர்லாண்டோ மேலேயே போனது. விமான நிலையத்தில் மணிக்கு 160 கி.மீ.-க்கு மேல் காற்று பதிவானது. "உள்நாடுதானே" என்று அசட்டையாக இருக்க முடியாது.

புயல் சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் நடுவில். அந்த மாதங்களில் பார்க் மூடியே கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். 1999 ஃப்ளாய்ட், 2004-இல் ஃப்ரான்சிஸ், ஜீன், 2016 மேத்யூ, 2017 இர்மா, 2022 இயன், 2024 மில்டன் என்று முழு நாள் மூடியவற்றை எண்ண இரண்டு கை விரல் போதும். பெரும்பாலும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. 2024 செப்டம்பரில் ஹெலீன் மேற்கே கடலில் கடந்து போனபோது நான்கு பார்க்குகளும் திறந்தே இருந்தன.

இனி மார்க். தங்கும் ஏற்பாடு, ஊழியர்கள்: 5-க்கு நாலரை. பணம் திரும்பக் கிடைக்கும் விதி: 5-க்கு இரண்டரை.

முதலில் அந்த இரண்டரையைப் பார்ப்போம், ஏமாறும் இடம் அதுதான். டிஸ்னியின் புயல் விதி சொல்வது இது: நீங்கள் போய்ச் சேர வேண்டிய தேதிக்கு 7 நாளுக்குள், ஆர்லாண்டோ பகுதிக்கோ உங்கள் வீடு இருக்கும் ஊருக்கோ அமெரிக்கத் தேசியப் புயல் மையம் 'ஹரிகேன் வார்னிங்' கொடுத்தால், அபராதம் இல்லாமல் தேதி மாற்றலாம், ரத்தும் செய்யலாம். கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் 'வார்னிங்' என்ற சொல்லில். நம் ஊரில் துறைமுகக் கூண்டு எண் ஏறுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அங்குள்ள முறை குழப்பும். 'வாட்ச்' என்றால் ஹரிகேன் வரக்கூடும் என்று ஏறத்தாழ 48 மணி நேரம் முன்னால் சொல்வது. 'வார்னிங்' என்றால் வரப்போகிறது என்று ஏறத்தாழ 36 மணி நேரம் முன்னால் சொல்வது. அதாவது இலவச ரத்துக்கான கதவு திறப்பதே புயலுக்கு ஒன்றரை நாள் முன்புதான். புயல் எங்கே போகலாம் என்று டிவியில் ஐந்து நாளாகக் காட்டும் கூம்புப் படத்தை வைத்து எதுவும் கேட்க முடியாது. 'டிராபிகல் ஸ்டார்ம் வார்னிங்' மட்டும் வந்தால் விதியின் எழுத்துப்படி அதுவும் கணக்கில் இல்லை. மணிக்கு 39 மைல் காற்றிலிருந்து டிராபிகல் ஸ்டார்ம், 74 மைலிலிருந்துதான் ஹரிகேன்.

வார்னிங்குக்கு முன்பே பயந்து ரத்து செய்தால் வழக்கமான விதி பாயும். ஹோட்டலும் டிக்கெட்டும் சேர்ந்த பேக்கேஜ் என்றால் 30 நாளுக்கு முன்பு வரை முழுப் பணம். 2 முதல் 29 நாளுக்குள் 200 டாலர் பிடித்தம். அதற்கும் பிறகு ஒன்றும் தேறாது. ஆகவே புயல் உங்கள் தேதியை நோக்கி வருகிறது என்றால் அவசரப்பட்டு ஆன்லைனில் கேன்சல் பட்டனைத் தட்டாதீர்கள். வார்னிங் வரும்வரை பொறுத்து, வந்த பிறகு போன் செய்யுங்கள். புயல் மைய அறிக்கை ஃப்ளோரிடா நேரம் காலை 5, 11, மாலை 5, இரவு 11 மணிக்கு வரும். காலை 11 மணி அறிக்கையைப் பார்த்த கையோடு அழைத்தால் போன் வரிசை நீள்வதற்குள் ஆள் கிடைப்பார்.

இந்த விதி டிஸ்னியிடம் நேரடியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும். இடைத் தளங்களில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் விதி, அந்தத் தளத்தின் போன் வரிசை. விமான டிக்கெட்டுக்கு டிஸ்னி பொறுப்பில்லை. விமானத்தை ஏர்லைனே ரத்து செய்து, மாற்று விமானத்தை நீங்கள் ஏற்கவில்லை என்றால் அமெரிக்கச் சட்டப்படி முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். வவுச்சர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் கட்டாயம் இல்லை.

பார்க் டிக்கெட் விஷயத்தில் கொஞ்சம் சாமர்த்தியம் பலிக்கும். தேதி போட்ட டிக்கெட்டில் 4 நாள் டிக்கெட்டுக்கு 7 நாள் அவகாசம், 5 நாளுக்கு 8 நாள். புயல் மாதத்தில் போகிறவர்கள் அவகாசத்தின் முதல் நாளிலேயே பார்க்கைத் தொடங்கிவிட்டால் நடுவில் ஒரு நாள் மூடினாலும் டிக்கெட் வீணாகாது. ஒரு நாள் டிக்கெட்டுகளாகத் தனித்தனியே வாங்குவதுதான் இங்கே பெரிய தவறு. பயன்படுத்தாமல் காலாவதியான டிக்கெட்டின் விலையை இன்னொரு தேதியின் டிக்கெட்டில் கழித்துக்கொள்ளலாம். விலை கூடியிருந்தால் வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

அடுத்து, நாலரை வாங்கிய பகுதி.

டிஸ்னி ஹோட்டலை எல்லாரும் விலையையும் பார்க்குக்கு உள்ள தூரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். புயல் மாதத்தில் பார்க்க வேண்டியது வேறு: அறைக் கதவு எங்கே திறக்கிறது? பாப் செஞ்சுரி, ஆல்-ஸ்டார் வகையறா, கரீபியன் பீச், போர்ட் ஆர்லியன்ஸ் எல்லாம் பழைய மோட்டல் மாதிரி. கதவைத் திறந்தால் வெளி வராந்தா, எதிரே மழை. சாப்பாட்டுக் கூடம் தனிக் கட்டடம். நல்ல நாளில் ஐந்து நிமிட நடை. காற்று 50 மைலில் அடிக்கும்போது அந்த ஐந்து நிமிடம் முடியாத காரியம். சாரல் பக்கவாட்டில் அடித்தால் தரைத்தள அறையின் கதவடியில் தண்ணீர் கசியும், ஒரு டவலை முறுக்கி வாசற்படியில் அடைக்க வேண்டியிருக்கும். (அமெரிக்காவில் 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்றால் நம் தரைத்தளம். அறை கேட்கும்போது செகண்ட் ஃப்ளோர் என்று கேளுங்கள்.)

கன்டெம்பரரி டவர், அனிமல் கிங்டம் லாட்ஜ், வில்டர்னஸ் லாட்ஜ், பீச் கிளப், கொரோனாடோ ஸ்பிரிங்ஸின் கிரான் டெஸ்டினோ டவர் ஆகியவற்றில் அறைக்கு வெளியே உள்தாழ்வாரம். மழையில் கால் வைக்காமல் லாபி வரை வந்துவிடலாம். கன்டெம்பரரியில் சாப்பாட்டுக் கடையும் அதே கூரைக்குள். விலை ஆளை அடிக்கும் என்பது உண்மைதான். நடுத்தர பட்ஜெட்டுக்கு எங்கள் சிபாரிசு ஆர்ட் ஆஃப் அனிமேஷனின் ஃபேமிலி சூட். அதற்கும் உள்தாழ்வாரம் உண்டு, மைக்ரோவேவ் உண்டு. அதே ஹோட்டலின் லிட்டில் மெர்மெய்ட் அறைகளுக்கு இரண்டும் கிடையாது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பெரிய புயலில் முதலில் காலி செய்யப்படுவது ஃபோர்ட் வில்டர்னஸ் கூடார மைதானமும் கேபின்களும், சரடோகா ஸ்பிரிங்ஸின் ட்ரீஹவுஸ் வில்லாக்கள், வில்டர்னஸ் லாட்ஜின் காப்பர் க்ரீக் கேபின்கள். இயனுக்கும் மில்டனுக்கும் அப்படித்தான் நடந்தது. மரங்களுக்கு நடுவே இருப்பதுதான் காரணம். புயல் மாதத்தில் இவற்றைப் பதிவு செய்தால் நடுவில் மூட்டை தூக்கத் தயாராக இருங்கள்.

மூடும் முறை படிப்படியானது. ஒரு நாள் முன்பே வாட்டர் பார்க்கும் மினி கோல்ஃபும் நிற்கும். மில்டன் நாளான 2024 அக்டோபர் 9-இல் பார்க்குகள் பிற்பகல் 1 மணியிலிருந்து ஒவ்வொன்றாக மூடின. 10-ஆம் தேதி முழுக்க மூடல், அன்றைய ஹாலோவீன் பார்ட்டியும் ரத்து. 11-ஆம் தேதி திறப்பு. ஸ்கைலைனர் கேபிள் கார், படகு ஆகியவை காற்றுக்கும் மின்னலுக்கும் முதலில் நிற்கும், பஸ் கடைசி வரை ஓடப் பார்க்கும். மூடும் நாளில் பார்க்கை விட்டுக் கடைசி நேரத்தில் கிளம்பினால் பஸ் வரிசையிலேயே நனைய வேண்டியதுதான். ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். ஹோட்டல் உணவுக் கூடம் அன்று மதியத்திலிருந்தே நிரம்பி வழியும்.

சாயங்காலத்துக்குள் அறைக்குள் இருங்கள், சொல்லும் வரை வெளியே வராதீர்கள் என்று அறிவிப்பு வரும். பால்கனி நாற்காலியை உள்ளே எடுத்துவிட வேண்டும். 'ரைட்-அவுட்' குழு என்று ஒன்று இருக்கிறது: தங்கள் வீட்டை விட்டுவிட்டு ஹோட்டலிலேயே தங்கி வேலை பார்க்கும் ஊழியர்கள். அரை மார்க்கைக் குறைத்ததற்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. லாபியில் கார்ட்டூன் ஓடும், மிக்கியோ கூஃபியோ வந்து கை குலுக்குவார்கள், பிள்ளைகளுக்கு விளையாட்டு நடக்கும். வெளியே ஊளையிடும் காற்றைப் பிள்ளைகள் பாதி மறந்துவிடுவார்கள்.

குறைந்த அந்த அரை மார்க் சாப்பாட்டுக்கு. கிடைப்பது பொட்டலம்: சாண்ட்விச், சிப்ஸ், பழம், பிஸ்கட். சைவர்களுக்குத் தேர்வு ரொம்பக் குறைவு. சாதாரண அறையில் ஃப்ரிட்ஜும் காபி மெஷினும்தான் இருக்கும்; மின் அடுப்போ குக்கரோ கொண்டுபோய் அறையில் சமைக்கக் கூடாது. அடுப்பே வேண்டாத சாப்பாடு அவல். ஆளுக்கு ஒரு கப் கெட்டி அவலைக் கழுவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, தயிரும் உப்பும் கலந்து ஊறுகாயோடு சாப்பிட்டால் ஒரு வேளை ஓடிவிடும். மெல்லிய அவல் கூழாகிவிடும், கெட்டி அவலே எடுத்துப் போங்கள். புளிக்காய்ச்சல் ஒரு சின்ன பாட்டில் இருந்தால் இரண்டாவது வேளைக்கும் கவலையில்லை. 100 மி.லி.-க்கு மேலான பாட்டிலைக் கையில் தூக்கிப் போகும் பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், பெட்டிக்குள் போடுங்கள்.

மின்சாரம் போகும் வாய்ப்பு மற்ற இடங்களைவிடக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. பவர் பேங்க், சின்ன டார்ச் போதும்; மெழுகுவர்த்தி கூடாது. மூடியே வைத்த ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் மாத்திரையை ஐந்து நாள் கூடுதலாக வையுங்கள். காற்று தொடர்ந்து 40, 45 மைலைத் தாண்டிவிட்டால் பொதுவாக ஆம்புலன்ஸும் வெளியே வராது. பெரியவர்களுக்கு எடுக்கும் விசிட்டர் இன்ஷூரன்ஸ் மருத்துவச் செலவுக்கானது. பயண ரத்துக்கு அதில் பெரும்பாலும் காசு வராது. பயண இன்ஷூரன்ஸ் தனி, அதையும் புயலுக்குப் பெயர் வைக்கும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். மில்டனுக்கு அக்டோபர் 5-இல் பெயர் வைத்தார்கள். 6-ஆம் தேதி பாலிசி வாங்கியவருக்கு அந்தப் புயல் 'முன்பே தெரிந்த ஆபத்து'.

உண்மையில் பயப்பட வேண்டியது சுழல்காற்றுக்கு. புயல் கரை ஏறும் முன்பே, அதன் வெளி மேகப்பட்டைகளில் இந்தச் சுழல்காற்று (டொர்னேடோ) கிளம்பும். மில்டன் நாளில் கிழக்குக் கரையில் ஆள் சேதம் வந்தது அப்படித்தான். போனில் அவசர எச்சரிக்கையை ஆன் செய்து வையுங்கள். அலறினால் ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் எல்லாரும் போய், தலைக்கு மேல் தலையணை வைத்துக்கொள்ள வேண்டும். ராத்திரியில் செருப்பு காலடியிலேயே இருக்கட்டும், கண்ணாடி உடைந்தால் உதவும்.

பக்கத்து யுனிவர்சல் பார்க்கும் மில்டனுக்கு அதே நாட்களில் மூடியது. அங்கே ஹோட்டல்கள் நெருக்கமாக இருப்பது வசதி.

மறுநாள் காலை வெயில் அடிக்கும், குளத்தில் இலை மிதக்கும், உணவுக் கூடத்தில் மெனு பாதியாக இருக்கும். எல்லாரும் அன்றே ஊருக்குக் கிளம்பப் பார்ப்பார்கள், தவறு அங்கேதான் நடக்கிறது. ஆர்லாண்டோ விமான நிலையம் பார்க்குக்கு முன்பே மூடும், மில்டனுக்குக் காலை 8 மணிக்கே நிறுத்திவிட்டார்கள். திறக்கும்போதும் ஓடுபாதையைச் சோதித்து, வெளியூரில் நிற்கும் விமானங்களை வரவழைத்து, பிறகுதான் புறப்பாடு. விமான நிலையம் புயல் புகலிடமும் இல்லை. உங்கள் விமானம் எந்த ஊரிலிருந்து வர வேண்டும் என்பது ஏர்லைன் ஆப்பில் தெரியும். அது அங்கே கிளம்பியதாகக் காட்டும் வரை ஹோட்டலை விட்டு நகராதீர்கள். 11 மணிக்கு அறையைக் காலி செய்தாலும் பெட்டிகளை பெல் சர்வீஸில் விட்டுவிட்டு லாபியில் உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.