காய்ச்சல் விட்ட பிறகும் கவனிக்கச் சொல்வது யார்? டெல்டாவில் டெங்கு நேரத்து யோசனைகள், ஓர் ஒப்பீடு

ஐப்பசி அடைமழை பிடித்ததும் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கமெல்லாம் காய்ச்சல் பேச்சும் வந்துவிடும். ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எதை நம்புவது என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: காய்ச்சல் விட்ட பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்று அந்த யோசனை சொல்கிறதா?

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் பெரிய கண்டம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுந்துவிடும். உடம்பு குளிர்ந்ததும் "சரியாயிடுச்சு" என்று பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது அதே நாட்களில்தான்.

வாட்ஸ்அப்பில் வருவது பெரும்பாலும் என்ன குடிக்கலாம் என்பதோடு நின்றுவிடும். பப்பாளி இலைச் சாறு, மலைவேம்பு என்று பட்டியல் நீளும். எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது இருக்காது. நிலவேம்புக் குடிநீரை 2012 டெங்குப் பரவலின்போது அரசே கொடுத்தது. குடிப்பவர்கள் குடிக்கட்டும், ஆனால் அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சம்பா நடவு, களையெடுப்பு நேரத்தில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. மெடிக்கல் பக்கத்தில் இருக்கிறது, ராத்திரியிலும் திறந்திருக்கிறது. ஆனால் அங்கே கலந்து கொடுக்கும் 'செட்' மாத்திரையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதுவும் இருக்கக் கூடாது. டெங்கு என்றால் இவை ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும் கேட்டு வாங்குங்கள், அதையும் அளவோடு. 'ஊசி போட்டால் உடனே விடும்' என்று கிளினிக்கில் ஊசி கேட்பதும் வேண்டாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காத்திருக்க வேண்டும். மதியத்துக்கு மேல் டாக்டர் கிடைக்காத இடங்களும் உண்டு. இருந்தும் என் ஓட்டு அதற்குத்தான். செலவில்லாமல் பார்க்கிறார்கள், "நாளைக்கு மறுபடி வாங்க" என்று சொல்லி ரத்த அணுக்களைத் திரும்ப எண்ணுகிறார்கள், கிராம சுகாதார செவிலியருக்கு உங்கள் வீடு தெரியும். முதல் ஐந்து நாளுக்குள் போனால் ரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை, அதற்குப் பிறகு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனை. ராத்திரியில் சந்தேகம் வந்தால் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-க்கு போன் செய்து கேட்கலாம். ஆனால் விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், கைகால் சில்லிட்டுப் போவது, குழந்தை சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் போனில் பேசி நேரம் போக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) எண்ணிக்கை நன்றாக இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது.

சரி, கொசு? புகை மருந்தா, தொட்டி கழுவுவதா என்றால் தொட்டிதான். புகை பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும், புழுவை ஒன்றும் செய்யாது. நம் ஊரில் வயலையும் வாய்க்காலையும் காட்டிக் கொசு அங்கிருந்து வருகிறது என்பார்கள். நெல் வயலில் பெருகுவது பெரும்பாலும் வேறு கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி வீட்டை ஒட்டியே வளரும்: குடிதண்ணீர் டிரம், சிமென்ட் தொட்டி, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், கொட்டாங்குச்சி, டயர், ஃபிரிட்ஜின் பின்தட்டு. முட்டை புழுவாகிக் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை உள்சுவரில் ஒட்டிக் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவி மூடி போடுங்கள். கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற வரும் பணியாளரை, தண்ணீர் கெட்டுவிடும் என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள்.

ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த கொசுதான் சில நாளில் அடுத்தவருக்கு வைரஸைக் கொண்டுபோகும்.